மிச்சக் கல்

வேலைக்குச் சேர்ந்து நான் முதன்முதலாகப் போட்ட தரையில் பதினாறு வகைக் கல் இருந்தது.

கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனி. டைல்ஸ் கடைகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளர் தன் வீட்டு ஹாலின் அளவைச் சொல்லி, பிடித்த டைலைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தரை எப்படி இருக்கும் என்று திரையில் காட்டவேண்டும். பக்கம் சீக்கிரம் திறக்கவேண்டும் என்பதற்காகப் பதினாறு டிசைன்களையும் நான்குக்கு நான்காக ஒரே படத்தில் அடுக்கி வைத்திருந்தோம். பதினாறு ஃபைல்களைத் தனித்தனியாக இறக்குவதைவிட ஒன்றை இறக்குவது வேகம். இதுவரைக்கும் சரி. ஆனால் நான் அந்த முழுப் படத்தையும் தூக்கி கிரியேட்பேட்டர்ன் என்ற கட்டளையிடம் கொடுத்துவிட்டேன். டெமோ அன்று கடைக்காரர் ஒருவர் ‘ஐவரி ஃப்ளோரல்’ என்பதைச் சொடுக்கினார். ஹால் முழுக்கப் பதினாறு டிசைனும் திரும்பத் திரும்ப வந்து நின்றன. அவர் நல்ல மனிதர். “என்ன தம்பி, சாம்பிள் ரூமுக்கா தரை போட்டிருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார்.

புரோகிராமிங் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் ஒரு பத்தி தாண்டிக்கொள்ளலாம்.

பிரவுசரில் படம் வரைவதற்கு கேன்வாஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு படத்தை வைக்க டிராஇமேஜ் என்ற கட்டளை. ரொம்ப விவரமான ஆள். அதற்கு ஒன்பது விஷயங்கள் சொல்லலாம்: எந்தப் படம், அந்தப் படத்தில் எந்தப் புள்ளியிலிருந்து, எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் வெட்டவேண்டும், வெட்டியதை எங்கே, என்ன அளவில் ஒட்டவேண்டும். ஆனால் ஒரு பரப்பை முழுக்க ஒரே டிசைனால் நிரப்ப வேண்டுமென்றால் கிரியேட்பேட்டர்னிடம் போகவேண்டும். அதற்குச் சொல்லக்கூடியது இரண்டே விஷயம். எந்தப் படம், எப்படித் திரும்ப வரவேண்டும். ‘இந்தப் படத்தில் அந்த மூலையில் இருக்கும் துண்டு மட்டும்’ என்று சொல்ல அதில் இடமே கிடையாது. முழுசாகக் கொடுத்தால் முழுசாகத்தான் நிரப்பும்.

வழி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குட்டி கேன்வாஸை, வேண்டிய துண்டின் அளவுக்கே செய்துகொள்ள வேண்டும். டிராஇமேஜை வைத்து அந்தத் துண்டை மட்டும் அதில் வரைய வேண்டும். பிறகு அந்தக் குட்டி கேன்வாஸையே ஒரு படமாக கிரியேட்பேட்டர்னிடம் நீட்டினால் அது வாங்கிக்கொள்ளும். தையல்காரரிடம் சாம்பிளுக்கு முழுச் சேலையையும் கொண்டுபோகாமல் ஓரத்தில் ஒரு துண்டு கத்தரித்து எடுத்துப் போவது மாதிரி. ஆறேழு வரிதான். அன்று சாயங்காலமே சரிசெய்துவிட்டேன்.

இந்தத் துண்டுப் பிரச்சினை எல்லா இடத்திலும் ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கிறது. விண்டோஸின் ஜிடிஐ பிளஸ்ஸில் டெக்ஸ்சர்பிரஷ் என்பதற்குப் படத்தோடு ஒரு செவ்வகத்தையும் கொடுக்கலாம், அந்தச் செவ்வகத்துக்குள் இருப்பதை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். செய்தவர்களுக்கு நன்றி. ஓப்பன்ஜிஎல் பக்கம் போனால், திரும்ப வரும்படி வைத்தால் முழு டெக்ஸ்சரும் திரும்ப வரும். துண்டு மட்டும் வேண்டுமென்றால் ஷேடரில் நாமே பின்னப் பகுதியை எடுத்துக் கணக்குப் போடவேண்டும். போட்டால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் மெல்லிய கோடுகள் தெரியும், அதற்குத் தனியாக மல்லுக்கட்ட வேண்டும். எனக்கு இதிலெல்லாம் மிகவும் பிடித்தது பழைய மேக்கின்டாஷ்தான். 1984இல் வந்த முதல் மேக்கில் ஒரு பேட்டர்ன் என்றால் எட்டுக்கு எட்டு புள்ளி. கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான். மொத்தம் அறுபத்து நான்கு பிட், அதாவது எட்டே பைட். அந்த எட்டு பைட்டுக்குள் செங்கல் சுவரும் மீன் செதிலும் செய்து வைத்திருந்தார்கள். திரையின் பின்னணியில் தெரிந்த சாம்பல் நிறம்கூட ஒன்றுவிட்டு ஒன்று வைத்த கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்தான்.

இன்னொரு விஷயம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறேன். பேட்டர்ன் எங்கிருந்து தொடங்குகிறது? நாம் வரையும் அறையின் மூலையிலிருந்து என்றுதான் எல்லோரும் நினைப்போம். கேன்வாஸில் அப்படி இல்லை. நாமாக நகர்த்தாதவரை அது கேன்வாஸின் மேல் இடது மூலையிலிருந்து தொடங்குகிறது. அறை எங்கே இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. கேன்வாஸ் முழுக்க ஏற்கெனவே தரை போட்டு வைத்திருப்பது போலவும், நாம் வரையும் அறை அதில் வெட்டிய ஜன்னல் போலவும் அது நடந்துகொள்ளும். அதனால் அறையின் ஓரத்தில் பூ பாதியில் அறுபடும். சுவரோரம் முழுக்கல் வரவேண்டுமென்றால் தொடக்கத்தை நாம்தான் நகர்த்தி வைக்கவேண்டும். ஜன்னலுக்கு வெளியே, நமக்குத் தெரியாத திசையெல்லாம் கல் போய்க்கொண்டே இருக்கும். எத்தனை பெரிய அறை வரைந்தாலும் கல் தீராது.

எங்கள் அப்பத்தா வீடு காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். 2006இல் விற்றோம், வாங்கியவர் அடுத்த வருஷமே இடித்துவிட்டுக் கடைகள் கட்டினார். விற்றதற்குப் பல காரணம். அந்த வருஷம் நான் இன்ஜினியரிங் சேர்ந்ததும் அதில் ஒன்று. அதுதான் காரணம் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அது காரணமில்லை என்றும் சொன்னதில்லை. பெரியப்பாவுக்கு விற்பதில் சம்மதம் இல்லை. கையெழுத்துப் போட்டார், அதற்குப் பிறகு அப்பாவிடம் பேசவில்லை.

அந்த வீட்டில் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது பட்டாசாலைத் தரை ஒன்றுதான். ஆத்தங்குடிக் கல். இன்று இன்ஸ்டாகிராமில் கஃபே தரைகளில் நீங்கள் பார்ப்பது. ஒரு இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியைப் போட்டு, அதன்மேல் டிசைனுக்கான தகட்டு அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு சாயக் கலவையைக் கையால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே உலர்ந்த சிமெண்ட் மணல், அதற்கு மேல் ஈரக் கலவை. பிறகு தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. பளபளப்பெல்லாம் அந்தக் கண்ணாடி கொடுப்பது. கையால் ஊற்றுவதால் ஒரு கல் இன்னொன்று போல இருக்காது. அச்சு ஒன்றுதான், ஆனால் இலை நுனி ஒன்றில் கொஞ்சம் வழிந்திருக்கும், இன்னொன்றில் பச்சை கொஞ்சம் வெளுத்திருக்கும்.

எங்கள் தரையில் நான்கு கல் சேர்ந்தால் ஒரு பூ. ஒவ்வொரு கல்லிலும் கால் வட்டம். நான்கையும் சரியான பக்கம் திருப்பிப் பதித்தால் நடுவில் வட்டம் கூடும்.

போன வருஷம் அப்பத்தாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது. மதுரையில் அப்பாவோடுதான் இருக்கிறாள். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் வீட்டுத் தரையைப் பார்த்துவிட்டு, “இம்புட்டு வெள்ளையாவா இருக்கு இது? ஆஸ்பத்திரி மாதிரி” என்றாளாம். அம்மா போனில் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அன்று ராத்திரியே ஒரு யோசனை வந்தது. பொங்கலுக்குப் போகும்போது பட்டாசாலைத் தரையை வரைந்து கொண்டுபோய்க் காட்டவேண்டும். தரை போடுவதுதானே நமக்குத் தெரிந்த வேலை.

தரைக்கு இருந்த ஒரே ஆதாரம் அத்தையின் கல்யாண போட்டோ. 1993. பட்டாசாலையில் எடுத்தது. பொண்ணு மாப்பிள்ளையைச் சுற்றி இருபது பேர் நிற்கிறார்கள். நான் யாருடைய வேட்டியையோ பிடித்துக்கொண்டு பாதி முகத்தோடு இருக்கிறேன். கால்களுக்குக் கீழே, போட்டோவின் அடியில் ஒரு பட்டையாகத் தரை தெரிகிறது. இத்தனை வருஷத்தில் படம் முழுக்கச் சிவந்துபோயிருந்தது. கால்கள், மாலையிலிருந்து உதிர்ந்த பூ, ஒரு சொம்பு. இவை எதுவும் மறைக்காத பூக்கள் தேடினால் இரண்டுதான் கிடைத்தன. அதில் ஒன்று கோணலாக இருந்தது. நான்கில் ஒரு கல் தப்பாகத் திரும்பியிருந்ததால் வட்டம் அந்த இடத்தில் வெளிப்பக்கம் பிதுங்கி நின்றது. சாம்பிளுக்கு ஆகாது என்று அதைத் தள்ளிவிட்டேன்.

மிச்சம் இருந்த ஒரு பூவை எடுத்துக்கொண்டேன். கேமரா சாய்வாகப் பார்ப்பதால் சதுரம் சதுரமாக இருக்காது, கிட்டப் பக்கம் அகன்றும் தூரப் பக்கம் குறுகியும் இருக்கும். பூவின் நான்கு மூலைகளையும் குறித்துக்கொடுத்து, நானூறுக்கு நானூறு புள்ளியுள்ள சதுரம் ஒன்றை எடுத்து, அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் ‘நீ போட்டோவில் எங்கே இருந்தாய்?’ என்று கணக்குப் போட்டு நிறத்தைக் கொண்டுவர வேண்டும். ஒரு லட்சத்து அறுபதாயிரம் கேள்வி. கம்ப்யூட்டருக்கு ஒரு கண்சிமிட்டல்.

அதை வைத்து நிரப்பிப் பார்த்தேன். தரை வரவில்லை, கோடு போட்ட கைலி வந்தது. ஃபிளாஷ் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்திருந்ததால் துண்டின் இடது ஓரம் வெளுப்பு, வலது ஓரம் இருட்டு. போட்டோவில் பார்க்கும்போது கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். நூறு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் அந்த வெளிச்சம்தான் டிசைன் ஆகிவிட்டது, பூ பின்னால் போய்விட்டது. இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. துண்டை நன்றாக மங்கலாக்கி ஒரு நகல் எடுத்து, அசலின் ஒவ்வொரு புள்ளியையும் நகலின் அதே புள்ளியால் வகுத்தால் வெளிச்ச ஏற்றத்தாழ்வு கழன்றுகொள்ளும். செய்தேன். அடுத்து ஒரு மஞ்சள் கறை கண்ணில் பட்டது. கல்யாண வீட்டில் எதுவோ சிந்தியிருக்கிறது. அதுவும் பூவுக்கு ஒன்று என்று தரை முழுக்க வரிசையாக எழுபது இடத்தில். ஒரு இடத்தில் சிந்தினால் கறை. எழுபது இடத்தில் ஒரே மாதிரி சிந்தினால் அச்சுப் பிழை.

கடைசியில் நான்கு கல்லில் ரொம்பச் சுத்தமாக இருந்த ஒரே ஒரு கல்லை மட்டும் வைத்துக்கொண்டேன். அதையே நான்கு பக்கமும் திருப்பிப் பூ செய்தேன். ஓரங்கள் தானாகப் பொருந்தின. அந்தப் பூவைக் குட்டி கேன்வாஸில் வரைந்து, கிரியேட்பேட்டர்னிடம் கொடுத்து, நீளத்துக்கு இருபது கல், அகலத்துக்குப் பதினான்கு கல். அளவு அப்பாவின் பழைய பத்திரத்தில் இருந்தது, கல் எட்டு அங்குலம் என்பது அப்பாவுக்கு ஞாபகம். எழுபது முழுப் பூ. எங்கும் அறுபடவில்லை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெரிய தாளில் கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். தாளைத் தடவினாள். பிறகு சொன்னாள்:

“அளகா இருக்குய்யா. செட்டியார் வீடுல்ல இது?”

நம்ம வீடு அப்பத்தா, பட்டாசாலை என்றேன்.

“நம்ம வீட்டுல ஏதுய்யா இம்புட்டுக் கல்லு?”

தாத்தா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார் என்று தெரியும். எங்கள் வீட்டுக் கல் அங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர்கள் வீட்டில் தரை போட்டதுபோக மிச்சம் மாட்டுக் கொட்டகையில் அடுக்கிக் கிடந்ததாம். எடுத்துக்கோ என்று அவர்கள் சொல்ல, தாத்தா இரண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பட்டாசாலைக்குப் போதாது என்று தெரிந்தேதான் கொண்டுவந்தார். கொத்தனாரும் அவரும் ஒரு பகல் முழுக்கக் கல்லைக் காரையில்லாமல் சும்மா பரப்பிப் பரப்பிப் பார்த்திருக்கிறார்கள். வந்தவர்கள் உட்காரும் இடத்தில் பூ வரவேண்டும். அடுப்படி ஓரம் இரண்டு வரிசை வெறும் சிவப்புக் கல். கொல்லை வாசல் ஓரம் ஒரு வரிசை சிவப்பு. அப்படி ஒதுக்கியதில் நீளவாக்கில் பத்தொன்பது கல்தான் பூவுக்கு மிஞ்சியது. அதனால் தெருவாசல் பக்கம் கடைசியில் பாதிப் பூவோடு நின்றுபோனது.

“அந்தப் பாதிப் பூவுலதான் உங்க அத்தை ஒக்காந்து பாண்டிக்காய் ஆடுவா” என்றாள்.

கோணல் பூவைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு உடனே தெரிந்தது. கொத்தனார் பேசிக்கொண்டே பதித்ததில் ஒரு கல் திரும்பிவிட்டது. மறுநாள் காலையில் அப்பத்தாதான் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். “காரை இறுகிப்போச்சு, இனிமே பேத்தா கல்லு ஒடையும், ஒடைஞ்சா மாத்துக் கல்லு எங்கிட்டுப் போறதுன்னுட்டாரு உங்க தாத்தா. சரி கெடந்துட்டுப் போகட்டும்னு விட்டாச்சு.”

நான் சாம்பிளுக்கு ஆகாது என்று தள்ளியது அந்தப் பூவைத்தான். அந்தப் போட்டோவில் எங்கள் வீடு என்று அடையாளம் காட்டக்கூடியதாக இருந்ததும் அது ஒன்றுதான்.

அன்று ராத்திரி பழைய கோடை மூடிவைத்துவிட்டு வேறொன்று எழுதினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை, எண்பதுகளின் வீடியோ கேம்கள் காடும் கோட்டையும் வரைந்த அதே முறைதான். இருபதுக்குப் பதினான்கு என்று ஒரு கட்டம். இருநூற்று எண்பது இடம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண். 0 முதல் 3 வரை பூக்கல்லின் நான்கு திருப்பம். 4 என்றால் சிவப்பு. எண்ணைப் பார்த்து, அதற்குரிய துண்டை டிராஇமேஜால் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு போகவேண்டும். கிரியேட்பேட்டர்ன் ஒரே வரியில் செய்ததைச் செய்ய இங்கே யாராவது உட்கார்ந்து இருநூற்று எண்பது எண்ணைச் சொல்லவேண்டும். பூக்கல்லுக்கு ஒரே துண்டையும் வைத்துக்கொள்ளவில்லை. போட்டோவில் முழுசாகத் தெரிந்த கற்களையெல்லாம் தனித்தனியாக வெட்டினேன். பதினொன்று தேறியது. மஞ்சள் கறை பட்ட கல்லையும் சேர்த்தேன், ஒரே ஒரு இடத்தில்.

இரண்டு சாயங்காலம் அப்பத்தா எண் சொன்னாள். அவள் எண்ணா சொன்னாள், லேப்டாப் திரையில் விரலை வைத்துக் காட்டினாள், நான் எண்ணாக்கினேன். சிவப்புக்கு என்ன சிவப்பு என்று கேட்டேன். அம்மாவின் சேலை ஒன்றைக் காட்டி, “இந்தச் செவப்பு, ஆனா நெதம் தொடச்சுத் தொடச்சு வெளுத்தது” என்றாள். திருப்பூரிலிருந்து அத்தை வீடியோ காலில் வந்து, தூணுக்குப் பக்கத்தில் இரண்டு கல் பின்னால் உடைந்து அங்கே சிவப்புப் போட்டார்கள் என்றாள். அப்பத்தா நாலு என்றாள். கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்து, நாலு என்று முடிவானது. உலக்கை விழுந்த கதை ஒன்று அத்தைக்கு ஞாபகம் வந்தது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, அப்பத்தாவிடம் மட்டும் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கணக்கு இப்படி வந்தது. பூக்கல் இருநூற்றுப் பதினொன்று. சிவப்பு ஐம்பத்தாறு. மிச்சம் பதிமூன்று. அதில் ஒன்பது, மூலையில் குதிர் நின்ற இடம். நான்கு, இரும்புப் பெட்டி இருந்த இடம். அவற்றின் கீழே என்ன கல் இருந்தது என்று அப்பத்தாவுக்கு ஞாபகமில்லை. தரை போட்ட வாரமே குதிரைத் தூக்கி வைத்தார்கள், வீடு விற்கும்வரை யாரும் நகர்த்தவில்லை.

அந்தப் பதிமூன்று இடத்திலும் மைனஸ் ஒன்று போட்டேன். மைனஸ் ஒன்று என்றால் எதுவும் வரையாதே. வெறுமையாக விட்டால் ஏதோ பிழை மாதிரித் தெரியும் என்பதால், படம் திருத்தும் மென்பொருள்களில் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்பதற்குக் காட்டும் சாம்பல் வெள்ளைக் கட்டத்தை அடியில் நிரப்பி வைத்தேன். மொத்தப் புரோகிராமிலும் கிரியேட்பேட்டர்ன் மிஞ்சியது அந்த ஒரு வரியில்தான்.

ஊருக்குக் கிளம்பும் அன்று காலையில் அப்பத்தாவிடம் கடைசியாக ஒருமுறை காட்டினேன். கோணல் பூவில் விரலை வைத்துவிட்டு, அங்கிருந்து தெருவாசல் வரைக்கும் கல் கல்லாக நகர்த்திக்கொண்டு போனாள். பிறகு மூலைக்கு வந்தாள்.

“இது என்ன கல்லுய்யா, கட்டம் போட்டது?”

“தெரியாத எடம் அப்பத்தா. குதிருக்குக் கீழ.”

“உங்க பெரியப்பனக் கேளு. குதிர எடுத்து வெக்கிறப்ப அவந்தான் அடியில நின்னு கல்லு முட்டுக் குடுத்தான். அவனுக்குத் தெரியும்.”

அப்பா பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தாள் திருப்பும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, அங்கிருந்தபடியே, “பூரா செவப்பா இருக்காது. ஒடஞ்ச பூக்கல்லையும் அங்கதான் போட்டிருப்பாரு” என்றார்.

பெரியப்பா நம்பரை அத்தையிடம் வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பதிமூன்று கட்டத்தில் இன்றுவரை மைனஸ் ஒன்றுதான் இருக்கிறது.